மலை ஆடும் கிடை ஆடும்

ஆத்தங்குடி என்ற பெயரைக் கேட்டவுடன் நேயர்களுக்கு நினைவு வருவது அவ்வூரின் பூங்கற்கள்தாம். கண்ணாடிப் பலகையின்மீது வர்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கும் அக்கற்கள், சூளையைக் காணாமலே கைத்திறன் ஒன்றினால் பளபளப்புப் பெறுகின்றன. செட்டிநாட்டு மாளிகைகளின் தரையை அலங்கரிக்கும் அந்தக் கைத்தொழிலைப் பற்றி எழுதவேண்டும் என்னும் எண்ணத்துடனேயே நாம் காரைக்குடியிலிருந்து அவ்வூருக்குச் சென்றோம். ஆனால் ஊர்ப்புறத்தில் நாம் கண்ட ஒரு காட்சி நமது எண்ணத்தை வேறு திசையில் திருப்பிவிட்டது. கற்களைப் பற்றிப் பிறிதொரு நாள் எழுதலாம். ஆடுகளைப் பற்றி எழுதுவதோ அவசரமாகிவிட்டது.

கண்மாயை அடுத்த வயலொன்றில் செம்மறிக் கிடை போட்டிருந்தார்கள். இரவெல்லாம் ஆடுகளை வயலில் அடைத்து, அவற்றின் புழுக்கையையும் நீரையும் நிலத்துக்கு உரமாக்கும் இந்த ஏற்பாடு நமது குடியானவர்கள் தொன்றுதொட்டு அறிந்ததே. குட்டிகளை அடைத்து வைக்கும் கொடாப்புகள் நாலைந்து வரப்போரத்தில் கவிழ்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்றிலேனும் குட்டி இல்லை. கிடைக்குரிய கீதாரி, அறுபது பிராயத்தைக் கடந்தவர், கையில் கம்புடன் நம்மைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பெரியவரே, கொடாப்பெல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றனவே?” என்று கேட்டோம்.

“குட்டியெல்லாம் போயிருச்சுங்க ஐயா. முதல்ல காய்ச்சல். அப்புறம் மூக்குல சளி, வாயெல்லாம் புண்ணு. கழிச்சல் கண்டா நாலு நாள்தான். தாயாடும் பாதிக்கு மேலே போச்சு” என்றார்.

“தடுப்பூசி போடவில்லையா?”

“போடமாட்டேன்னு நான் சொல்லலைங்க. ஊசி போடுறவங்க எங்க ஊருக்கு வந்தப்போ நாங்க தஞ்சாவூர்ச் சீமையில கிடை போட்டிருந்தோம். அங்கே கேட்டா, ‘உங்க ஊர்ல போட்டுக்கங்க பெரியவரே’ன்னாங்க. ஊருக்குத் திரும்பி வந்து கேட்டா, ‘மருந்து முடிஞ்சு போச்சு, அடுத்த தடவை பாக்கலாம்’னாங்க. எந்த ஊர்க் கணக்கிலயும் எங்க ஆடு இல்லைங்க ஐயா.”

எந்த ஊர்க் கணக்கிலும் தம் ஆடு இல்லை என்று அப்பெரியவர் சொன்ன வார்த்தை, அவருடைய கிடையை மட்டும் பற்றியதன்று என்பது நமது அபிப்பிராயம். ஆத்தங்குடியிலிருந்து நெடுந்தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், மனிதனைக் கண்டால் பாறைக்குப் பாறை தாவி மறையும் வரையாட்டின் உயிரும் அந்த வார்த்தையில் அடங்கியிருக்கிறது. இது எவ்வாறு என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கீதாரி சொன்ன லக்ஷணங்கள் ஆட்டுக்கொல்லி நோய்க்கு உரியவை. ஆங்கில வைத்தியர்கள் இதைச் சுருக்கமாகப் பி.பி.ஆர். என்பார்கள். சிறிய அசைபோடும் பிராணிகளின் கொள்ளைநோய் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்கள் அவை. பிரெஞ்சுப் பெயர் வந்த காரணம், 1942-ஆம் வருஷத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த ஐவரி கோஸ்ட் தேசத்தில் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டதேயாகும். ஆனால் இதை எங்கோ அயல்நாட்டு வியாதி என்று எண்ணி நாம் அலட்சியமாக இருக்க இடமில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக இது கண்டறியப்பட்ட இடம் நமது தமிழ்நாடுதான். 1987-ஆம் வருஷத்தில், இன்றைய விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்த அரசூர் என்னும் கிராமத்துச் செம்மறிகளிடம் அது காணப்பட்டது. அதன்பின் தேசமெங்கும் இந்நோய் வேரூன்றிவிட்டது.

இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரஸ் கிருமி. மனிதக் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, மாடுகளைச் சூறையாடிய வெக்கை, நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் ஆகியவற்றின் கிருமிகள் யாவும் இதற்கு நெருங்கிய உறவு. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு சுபாவம் உண்டு. மூச்சின் வழியே பரவுபவை இவை. நோய் கண்ட ஆடு இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளிலும், அதன் மூக்கு நீரிலும், கண்ணீரிலும், சாணத்திலும் கிருமி வெளிப்படுகிறது. பக்கத்தில் நின்று அதே காற்றைச் சுவாசிக்கும் ஆடும், அதே தொட்டியில் வாய் வைக்கும் ஆடும் அதை ஏற்றுக்கொள்ளுகின்றன. நோயின் அடையாளங்கள் வெளியே தெரியுமுன்னரே ஆடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. ஆகையால் ‘பார்த்தால் நல்ல ஆடு’ என்று சொல்லிச் சந்தையில் வாங்கி வருவதே நோயை வாங்கி வருவதாக முடிவதுண்டு. முன்பு இந்நோயையே காணாத மந்தையில் அது புகுந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு வரையிலும்கூட மாண்டுபோகும்.

இக்கிருமியிடம் இரண்டு பலவீனங்களும் உள. வெயிலிலும் உலர்ந்த இடத்திலும் அது நெடுநாள் பிழைப்பதில்லை. அன்றியும், ஒருமுறை நோய் கண்டு பிழைத்த ஆட்டுக்கு மறுமுறை வருவதில்லை. பிழைத்த ஆடு கிருமியை உடம்பில் ஒளித்து வைத்துக்கொண்டு திரிவதும் இல்லை. எனவே இந்த வைரஸ் உயிரோடிருக்க வேண்டுமாயின், நோய் காணாத புதிய ஆடுகள் அதற்கு ஓயாமல் கிடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆயிரக்கணக்கில் குட்டிகள் பிறந்துகொண்டேயிருக்கும் பெருமந்தைகளில்தான் அது நிலைத்து வாழமுடியும். 2019-ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் சுமார் 98 லட்சமும் செம்மறிகள் 45 லட்சமும் இருந்தன. இவ்வளவு பெரிய ஜனத்தொகை இருக்கும்போது கிருமிக்கு உணவுப் பஞ்சம் ஏது?

இனி மலைக்கு வருவோம். வரையாடு நமது மாநில விலங்கு. சங்கச் செய்யுட்களில் வருடை என்று வழங்குவது இதையே என்பர் அறிஞர். பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட மலைப் புல்வெளிகளிலும், செங்குத்தான பாறைச் சரிவுகளிலும் வாழும் இப்பிராணி, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1975-இல் இதைப் பற்றி முன்னோடியாக ஆராய்ந்த ஈ. ஆர். சி. டேவிதாரின் ஞாபகார்த்தமாக, அக்டோபர் 7-ஆம் தேதி வரையாட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2022-ஆம் வருஷக் கடைசியில் தமிழ்நாட்டு சர்க்கார் இதன் பாதுகாப்புக்கென்று 25 கோடி ரூபாய்ச் செலவில் தனித் திட்டமொன்றை அங்கீகரித்தார்கள். 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும், 2025-இல் எடுத்த கணக்கில் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன. இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் நேயர்கள் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருபுறம் ஒரு கோடியே 43 லட்சம் வீட்டு ஆடுகள். மறுபுறம் ஆயிரத்துச் சொச்சம் மலையாடுகள். அந்த ஆயிரமும் ஒரே இடத்தில் இல்லை. முக்குருத்தியில் ஒரு கூட்டம், ஆனைமலையில் சில கூட்டங்கள், மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் சில கூட்டங்கள் என்று, சமுத்திரத்தின் நடுவே சிதறிய தீவுகளைப்போல் அவை பிரிந்து கிடக்கின்றன. இடையில் பள்ளத்தாக்குகளும், தேயிலைத் தோட்டங்களும், பாதைகளும், அணைகளும் வந்துவிட்டன. ஒரு சிகரத்திலுள்ள கூட்டம் நோயால் அழிந்தால், அடுத்த சிகரத்திலிருந்து வந்து அவ்விடத்தை நிரப்புவதற்கு வழியில்லை. கிடையில் நூறு ஆடு செத்தால் அது கீதாரிக்குப் பெரும் நஷ்டம். ஆயினும் ஆட்டினம் அழிவதில்லை. ஒரு சிகரத்தில் நூறு வரையாடு செத்தால் அச்சிகரத்தின் வமிசமே முடிந்தது என்று கொள்ளவேண்டும்.

இஃது வெறும் பயமுறுத்தலா? அன்று. உலகத்தின் பல மலைகளிலும் வெளிகளிலும் இது நடந்தேறியிருக்கிறது. 2007, 2008-ஆம் வருஷங்களில் திபெத்தின் மேற்குப் பகுதியில், நமது லடாக் எல்லையை அடுத்த ருதோக் பிரதேசத்தில், பாரல் என்னும் நீல மலையாடுகளிடம் ஆட்டுக்கொல்லி கண்டுபிடிக்கப்பட்டது. 2010, 2011-இல் ஈராக்கின் குர்திஸ்தான் மலைகளில் காட்டு வெள்ளாடுகள் எழுநூற்றுக்கு மேல் இந்நோயால் மடிந்தன. 2016-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் மங்கோலியாவின் வீட்டு ஆடுகளிடையே முதன்முதலாக இந்நோய் புகுந்தது. அவ்வருஷம் முடிவதற்குள் அது சைகா என்னும் அபூர்வ மானினத்தைத் தொட்டுவிட்டது. அடுத்த சில மாதங்களில் ஆயிரக்கணக்கான சைகாக்கள் பனிவெளியில் பிணமாகக் கிடந்தன. மங்கோலியாவின் உதாரணத்தில் வழி தெளிவாகத் தெரிகிறது. முதலில் கிராமத்து மந்தை. பிறகு காட்டு மந்தை. கீழிருந்து மேலே ஏறிய நோய் அது.

நமது நாட்டில் அது எந்த வழியில் ஏறக்கூடும்? இதை யோசிப்பதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டுவதில்லை. சிவகங்கை, இராமநாதபுரம் ஜில்லாக்களின் கீதாரிகள், தை, மாசியில் அறுவடை முடிந்ததும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைச் சீமைக்குப் போகிறார்கள். வழிநெடுகப் பல ஊர் மந்தைகள் ஒரே ஊருணியில் நீர் குடிக்கின்றன. காவேரியில் தண்ணீர் வந்து உழவு தொடங்கும் காலத்தில் திரும்பி வருகிறார்கள். பின்னர் ஆடுகள் சந்தைக்குப் போகின்றன. திருப்புவனம் சந்தை போன்ற இடங்களில் பல ஜில்லா ஆடுகள் ஒருநாள் முழுவதும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அங்கிருந்து வியாபாரிகளின் லாரிகள் மேற்கே செல்லுகின்றன. தேனி, கம்பம் வழியாகவும், போடி மெட்டு வழியாகவும் மலைமீது ஏறிக் கேரளத்துக்குச் செல்லும் ஆடுகள் எத்தனை! மலைமேல் தோட்டத் தொழிலாளர்களும் இரண்டு ஆடு, நான்கு ஆடு வளர்க்கிறார்கள். அந்த ஆடு மேயும் சரிவுக்கு மேலே வரையாடு மேயும் புல்வெளி. ஆத்தங்குடிக் கண்மாய்க்கும் ஆனைமலைச் சிகரத்துக்கும் நடுவே இருப்பது இத்தனை படிகள்தாம். ஒவ்வொரு படியிலும் ஓர் ஆடு மற்றோர் ஆட்டின்மேல் மூச்சு விட்டால் போதும்.

இங்கே பழைய சரித்திரம் ஒன்றை நினைவூட்டுவது பொருத்தமாகும். ஆட்டுக்கொல்லியின் உடன்பிறப்பான மாட்டு வெக்கை, நூறு வருஷங்களுக்கு மேலாக நமது தேசத்தின் உழவு மாடுகளைக் கொன்று குவித்தது. அது விளைத்த நாசத்தைக் கண்டு அந்நிய சர்க்கார் 1871-ஆம் வருஷத்திலேயே ஒரு கமிஷனின் அறிக்கையைப் பெற்றார்கள். 1889-இல் பூனாவில் ஓர் ஆராய்ச்சிச் சாலை தொடங்கி, 1893-இல் அதைக் குமாவூன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றினார்கள். 1887-ஐ ஒட்டி, இத்தாலிய ஏகாதிபத்தியம் எரித்திரியாவில் படையெடுத்தபோது, படையின் உபயோகத்துக்காக வெளியிலிருந்து கொண்டுபோன மாடுகளோடு இந்நோய் ஆப்பிரிக்காவில் இறங்கியது என்று சரித்திரக்காரர்கள் கூறுவார்கள். பத்து வருஷங்களில் அது அக்கண்டத்தின் தெற்கு முனையை எட்டியது. மாடுகளோடு காட்டெருமைகளும் மான்களும் மாண்டன. உழுவதற்கு மாடின்றி எதியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை கொடிய பஞ்சம் நிலவிற்று. ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு மாண்டதாக மதிப்பிடுகின்றனர். கால்நடையின் வியாதி கால்நடையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?

நமது மலைகளும் அவ்வியாதியை அறிந்தவையே. 1968-ஆம் வருஷத்தில் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை புகுந்து, காட்டெருமை என்று நாம் வழங்கும் பெருமிருகங்களைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தது. காட்டெருமையைப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? ஒருவராலும் முடியாது. ஆயினும் இன்று அம்மிருகங்கள் வெக்கையின் பயமின்றித் திரிகின்றன. எப்படி? நமது வீட்டு மாட்டுக்கு ஊசி போட்டோம்; அவ்வளவே!

சுதந்திர இந்தியா செய்த அருஞ்செயல்களுள் இஃதொன்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1954-இல் வெக்கையை ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கிற்று. கிராமம் கிராமமாக ஊசி போட்டுக்கொண்டே போனார்கள். 1992-இல் அம்முயற்சி புதுவேகம் பெற்றது. இந்தியாவில் கடைசியாக வெக்கை தலைகாட்டியது 1995-இல், அதுவும் நமது தமிழ்நாட்டில். 2006-இல் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்ட தேசமென்று சர்வதேச ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. உலகத்திலேயே கடைசியாக இந்நோய் காணப்பட்டது 2001-இல் கென்யா தேசத்துக் காட்டெருமைகளிடத்திலாகும். 2011-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதிலும் வெக்கை ஒழிந்தது என்று பிரகடனம் செய்தார்கள். மனிதரின் பெரியம்மைக்குப் பிறகு, பூமியை விட்டே துரத்தப்பட்ட நோய் இது ஒன்றே. வீட்டு மந்தையில் இருப்பிடம் இழந்த கிருமி காட்டு மந்தையில் தானே அவிந்துபோயிற்று. இதுதான் நாம் கற்கவேண்டிய பாடம்.

அந்தப் பாடத்தின்படியே ஆட்டுக்கொல்லியையும் 2030-ஆம் வருஷத்துக்குள் ஒழிப்பதென்று, 2015-இல் ஆபிஜான் நகரில் கூடிய உலக மகாநாடு தீர்மானித்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆயுதம் இல்லாமல் யுத்தத்துக்குப் போகவில்லை நாம். முக்தேசுவரத்து ஆராய்ச்சிச் சாலை ஆக்கிய சுங்ரித் தடுப்பு மருந்து உண்டு. நமது தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம் ஆக்கிய அரசூர் மருந்தும், கோயம்புத்தூர் மருந்தும் உண்டு. எந்தக் கிராமத்தில் நோய் முதலில் தெரிந்ததோ அந்தக் கிராமத்தின் கிருமியைக் கொண்டே மருந்து செய்தார்கள் நமது விஞ்ஞானிகள். ஒரே ஒரு ஊசி. மூன்று வருஷங்களுக்குக் குறையாத காப்பு. விலையும் ஆட்டுக்காரன் கொடுக்க வேண்டியதில்லை. சர்க்கார் செலவிலேயே போடுகிறார்கள். இத்தனையும் இருக்க, ஆத்தங்குடி வயலில் கொடாப்புகள் ஏன் வெறுமையாகக் கிடந்தன?

விடையைக் கீதாரியே சொல்லிவிட்டார். ஊசி கிராமக் கணக்குப்படி வருகிறது. அவருடைய ஆடோ கிராமத்தில் இருப்பதில்லை. நிலைத்திருக்கும் ஆட்டுக்கு ஊசி கிடைக்கிறது. நடந்து திரியும் ஆட்டுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நோயைச் சுமந்து செல்லக்கூடியது எது? நிலைத்திருக்கும் ஆடா, நடந்து திரியும் ஆடா? ஜில்லாவில் நூற்றுக்கு இத்தனை ஆட்டுக்கு ஊசி போட்டாயிற்று என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். போடாமல் விட்ட அந்தச் சிறு பகுதி, பத்து ஜில்லாக்களின் நீர்த்துறைகளில் வாய் வைக்கும் பகுதியாக இருந்தால், அந்தக் கணக்கினால் பயன் என்ன?

மருந்தைக் கொண்டு சேர்ப்பதிலும் ஒரு சிரமம் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. உலர்ந்த பொடியாக இருக்கும் மருந்தைக் குளிரிலேயே வைத்திருக்கவேண்டும். நீரில் கரைத்தபிறகு சீக்கிரத்தில் ஊசியில் ஏற்றிவிடவேண்டும். சிவகங்கைச் சீமையின் வெயிலில், ஐஸ் பெட்டியுடன் கண்மாய் கண்மாயாகத் தேடிப் போவது சுலபமான உத்தியோகமன்று. ஆடுகள் விடியற்காலையில் கிடையை விட்டு மேய்ச்சலுக்குப் போய்விடும். காரியாலயம் திறக்கும் நேரத்துக்குப் போனால் கிடையில் ஆளுமில்லை, ஆடுமில்லை. இரவிலோ, வைகறையிலோ கிடைக்கே போனால்தான் காரியம் நடக்கும். இவ்வளவு சிரமத்தையும் மேற்கொள்ளும் சிறு உத்தியோகஸ்தர்களை நாம் மதிக்கிறோம். அவர்களை ஊர்க் கணக்குப் புத்தகத்தோடு கட்டிப்போட்டிருக்கும் ஏற்பாட்டைத்தான் குறை கூறுகிறோம்.

வேறொரு சாரார் சொல்லும் மார்க்கம் உண்டு. “மலையைப் பூட்டிவிடுங்கள், மேய்ச்சல்காரர்களை அடிவாரத்துக்கே வரவிடாதீர்கள்” என்பது அவர்கள் கட்சி. 2022-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டார் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கென்று வரையறுத்ததை நேயர்கள் அறிவார்கள். வரையாடு மேயும் புல்வெளியில் வீட்டு ஆடு மேயலாகாது என்பதில் நமக்கும் ஆக்ஷேபமில்லை. ஆனால் தடை ஒன்றே காப்பாகிவிடும் என்று நினைப்பது தவறு. வேலிக்கு இப்புறம் நோய் தாண்டவமாடுகையில், வேலிக்கு அப்புறம் அது என்றைக்கும் எட்டிப் பாராது என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஒரு வழி தவறிய ஆடு போதும். தோட்டத்துக்கு வாங்கி வந்த ஒரு ஜோடிக் குட்டி போதும்.

அன்றியும், மலையைக் காப்பதன் முழுப் பாரத்தையும் மலையடிவாரத்து ஏழையின் தலையில் வைப்பது நியாயமுமன்று. மேய்ச்சலை இழப்பவன் அவன். ஆடு செத்தால் நஷ்டப்படுபவன் அவன். நோயைப் பரப்பினான் என்று பழி சுமப்பவனும் அவனே. நோய் கண்டவுடன் மந்தையை அவசர அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடுகிறார்கள் என்று ஆட்டுக்காரர்களைக் குறை கூறுவதுண்டு. அது உண்மையே, நோய் பரவுவதற்கு அது முக்கியமான காரணம் என்பதும் உண்மையே. ஆனால் வேறென்ன செய்வான் அவன்? நோயைச் சொன்னால் ஆட்டை ஒருவரும் வாங்கார். செத்த ஆட்டுக்கு ஒருவரும் ஈடு கொடுப்பதில்லை. உண்மையைச் சொன்னவன் பிச்சைக்காரனாகவும், மறைத்தவன் பாதி விலையேனும் பெற்றவனாகவும் ஆகும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, ஜனங்களிடம் யோக்கியதையை எதிர்பார்ப்பது எப்படி?

ஆகவே சர்க்கார் உடனே செய்யவேண்டியவை சில உள. முதலாவது, கிடை ஆடுகளுக்கென்று தனிக் கணக்கு வேண்டும். தை மாதத்தில் மந்தைகள் புறப்படுமுன்பும், திரும்பி வரும்போதும், அவை தங்கும் கண்மாய்க் கரைகளிலேயே ஊசி போடவேண்டும். எந்த ஜில்லாவில் கிடை இருக்கிறதோ அந்த ஜில்லாவின் மருந்தை, ‘நீ எந்த ஊர்?’ என்று கேளாமல் கொடுக்கவேண்டும். இரண்டாவது, வரையாடு வாழும் மலைகளின் அடிவாரக் கிராமங்களிலும், மலைமேலுள்ள தோட்டக் குடியிருப்புகளிலும் ஓர் ஆடு விடாமல் ஊசி போடவேண்டும். வருஷந்தோறும் பிறக்கும் குட்டிகளுக்கு வருஷந்தோறும் போடவேண்டும். ஒருமுறை போட்டோம் என்று ஓய்ந்தால், மூன்று வருஷத்தில் ஊசி காணாத புதிய மந்தை ஒன்று உருவாகிவிடும். மூன்றாவது, நோயை மறைக்காமல் அறிவிப்பவனுக்குச் செத்த ஆட்டின் விலையில் நியாயமான பங்கை ஈடாகக் கொடுக்கவேண்டும். நான்காவது, காட்டு இலாகாவும் கால்நடை இலாகாவும் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளவேண்டும். அடிவாரத்தில் ஆட்டுக்கு நோய் என்றால் அன்றே மலைக்காவலர் அறியவேண்டும். மலையில் ஒரு வரையாடு செத்துக் கிடந்தால், பிரேதம் அழுகுமுன் பரிசோதனை நடக்கவேண்டும்.

வரையாட்டுத் திட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை இவ்வேலைக்குச் செலவிட்டால் அது வீண் செலவாகாது. வரையாட்டின் கழுத்தில் கருவி கட்டி அதன் நடமாட்டத்தை அறிவது நல்லதே. அதன் புல்வெளியில் அந்நிய மரங்களை அகற்றுவதும் நல்லதே. ஆனால் அடிவாரத்து ஏழையின் வெள்ளாட்டுக்குப் போடும் ஓர் ஊசி, மலைமேல் கட்டும் வேலியைவிட வலிய வேலி என்பதைத் திட்டம் வகுப்போர் மறக்கலாகாது.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நமது நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசியல் ஊழியம் என்பது மேடையோடும் தீர்மானத்தோடும் முடிவதன்று. உங்கள் தாலுகாவில் எத்தனை கிடைகள் வந்து தங்குகின்றன, எந்த மாதத்தில் வருகின்றன, யாருடையவை என்று ஒரு ஜாபிதா தயாரியுங்கள். அதைக் கொண்டுபோய்க் கால்நடை வைத்தியசாலையில் கொடுங்கள். ஊசி போட வருகிறவர்களோடு விடியற்காலையில் கிடைக்கு நீங்களும் செல்லுங்கள். செத்த ஆட்டைக் கண்மாயில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள். ஓட்டுரிமையுள்ள கீதாரிகூட, தேர்தல் காலத்தில் ஊரில் இராமையால், எந்தக் கட்சியின் கண்ணிலும் படுவதில்லை. அவர்கள் குரலை எடுத்துச் சொல்வது உங்கள் கடமையல்லவா?

ஆத்தங்குடியை விட்டுப் புறப்படுமுன், வரையாட்டைப் பற்றியும், மங்கோலியாவில் நடந்ததைப் பற்றியும் அப்பெரியவரிடம் சொன்னோம். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “மலையில தன் பாட்டுக்கு மேயுற ஆட்டுக்குமா இது வரும்?” என்றார். வரக்கூடும் என்றோம்.

“அப்போ அந்த ஆட்டுக்காகவாவது எங்க ஆட்டுக்கு ஊசி போடுவாங்களா ஐயா?” என்று கேட்டார்.

கேள்வியில் கேலி இல்லை. உண்மையாகவே விடையை எதிர்பார்த்துக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அடுத்த தை மாதத்தில் மந்தைகள் மீண்டும் தஞ்சைக்குப் புறப்படுமுன், விடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லுவார்களாக.